கோல்கீப்பர்களின் டிராஃப்ட்: 2012-இல் தேர்வானவர்கள் எங்கே போய்ச் சேர்ந்தார்கள்

ஐஸ் ஹாக்கியில் ஆண்டின் சிறந்த கோல்கீப்பருக்குக் கொடுப்பது வெசினா கோப்பை. யாருக்கு என்று வாக்களிப்பவர்கள், வட அமெரிக்காவின் தலைமை ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் ஆடும் அணிகளின் ஜெனரல் மேனேஜர்கள். 2019 முதல் 2025 வரை ஏழு முறை அது வழங்கப்பட்டிருக்கிறது. அதில் ஐந்து முறை, அணிகள் முறை வைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட்டில் 2012-இல் தேர்வான மூன்று பேரிடம் போய்ச் சேர்ந்தது. 2019-இல் ஆந்த்ரேய் வாசிலெவ்ஸ்கி, 2023-இல் லீனஸ் உல்மார்க், 2020, 2024, 2025 என மூன்று முறை கானர் ஹெலபக். டிராஃப்ட் நாளில் வாசிலெவ்ஸ்கி 19-ஆவது ஆள். ஹெலபக் 130. உல்மார்க் 163.

அதே டிராஃப்ட்டில் முதல் ஆளாகப் பெயர் வாசிக்கப்பட்ட நெயில் யாகுபோவ், 350 ஆட்டங்களோடு 24 வயதில் என்.எச்.எல்.லை விட்டுப் போனார். நான்காவது ஆளான கிரிஃபின் ரைன்ஹார்ட் ஆடியது மொத்தமே 37 ஆட்டம். மேலே எடுத்தவர்கள் ஏமாந்தார்கள், கீழே எடுத்தவர்களுக்கு அதிர்ஷ்டம் என்று பேச்சை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் பெயர் பெயராக எடுத்து வைத்துப் பார்த்தால் கையில் தட்டுப்படுவது வயது. யார் எந்த வயதில் எடைபோடப்பட்டார், எடுத்த பிறகு எத்தனை வருடம் காத்திருக்க அணியால் முடிந்தது என்ற இரண்டிலேயே 2012-இன் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது.

முதலில் முறையைச் சொல்லிவிடலாம். டிராஃப்ட் ஐ.பி.எல். ஏலம் மாதிரி அல்ல. பணத்தைத் தூக்கிக் காட்டி யாரும் யாரையும் வாங்க முடியாது. முறை வரும்போது ஒரு பெயரைச் சொல்லலாம், அவ்வளவுதான். முந்தைய சீசனில் பின்தங்கிய அணிக்கு முன்வரிசை, அதற்கு மேல் ஒரு குலுக்கல். ஏழு சுற்று, அப்போது 30 அணிகள், ஏறக்குறைய 210 பெயர்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைந்திருந்தால் பட்டியலில் வரலாம். வட அமெரிக்கப் பையன்களை ஒரு வருடம் யாரும் எடுக்காவிட்டால் 20 வயதுவரை மறுபடியும் எடுக்கலாம். ஐரோப்பியர்களுக்கு அந்த 20 வயது வரம்பு இல்லை. எடுத்த அணிக்குக் கிடைப்பது அந்த ஆட்டக்காரரோடு ஒப்பந்தம் போடும் தனி உரிமை. அந்த உரிமைக்குக் காலக்கெடு உண்டு. அந்தக் கெடு எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை என்பது பின்னால் பெரிய விஷயமாகிறது.

செப்டம்பர் 15 என்ற கோடு எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதே வகுப்பில் ஒரு ஜோடி இருக்கிறது. இரண்டாவதாக எடுக்கப்பட்ட ரயன் மரே 1993 செப்டம்பர் 27-இல் பிறந்தவர். 12 நாள் முந்திப் பிறந்திருந்தால் 2011 டிராஃப்ட்டிலேயே வந்திருப்பார். 18-ஆவதாக எடுக்கப்பட்ட பின்லாந்துக்காரர் தேவோ தேரவைனென் 1994 செப்டம்பர் 11-இல் பிறந்தவர். ஐந்து நாள் பிந்தியிருந்தாலும் 2013-க்குப் போயிருப்பார். கோட்டைத் தொட்டுக்கொண்டே உள்ளே வந்தவர். ஒரே பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் எடைபோடப்பட்ட இந்த இருவருக்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு முழு வருட வித்தியாசம். 17, 18 வயதில் ஒரு வருடம் என்பது உடம்பிலும் பனிச்சறுக்கு வேகத்திலும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி. யாகுபோவும் 1993 அக்டோபரில் பிறந்தவர். முதல் இரண்டு இடமும் அந்த வகுப்பின் வயதில் மூத்த பையன்களுக்குப் போனதைத் தற்செயல் என்று முழுக்க ஒதுக்கிவிட முடியாது.

2012 ஜூன் 22, 23-இல் பிட்ஸ்பர்க்கில் டிராஃப்ட் நடந்தது. முந்தைய சீசனில் கடைசி இடம் கொலம்பஸ் அணிக்கு. குலுக்கலில் முதல் தேர்வு எட்மண்டனுக்குப் போனது. 2010-இல் டெய்லர் ஹால், 2011-இல் ரயன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் என்று அவர்களுக்கு அது தொடர்ந்து மூன்றாவது முதல் தேர்வு. எட்மண்டனுக்கு அப்போது ஓட்டை இருந்தது டிஃபென்ஸில். ஆனாலும் யாகுபோவை விட்டுவிடுவது எளிதாக இருந்திருக்காது. ஒன்டாரியோவின் சார்னியா அணிக்கு வந்த முதல் வருடமே 65 ஆட்டத்தில் 49 கோல், 101 புள்ளி (அடித்த கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்ந்த கணக்கு). இரண்டாவது வருடம் காயத்தால் 42 ஆட்டம் மட்டும், அதிலும் 69 புள்ளி. என்.எச்.எல்.லின் மத்திய ஸ்கவுட்டிங் பிரிவு, அதாவது இளம் ஆட்டக்காரர்களைத் தேடி எடைபோடும் பிரிவு, வட அமெரிக்க ஆட்டக்காரர் பட்டியலில் அவரைத்தான் முதலில் வைத்திருந்தது.

யாகுபோவின் முதல் சீசனை நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாற்றம் ஆரம்பித்தது அந்த நல்ல சீசனில்தான். அணி உரிமையாளர்களின் லாக்-அவுட் (கதவடைப்பு) காரணமாக 2012-13 சீசன் ஜனவரி 19-இல்தான் தொடங்கியது, அணிக்கு 48 ஆட்டம். அதுவரை அவர் தன் சொந்த ஊரான நிஷ்னெகாம்ஸ்கில் ரஷ்ய லீகில் ஆடினார். எட்மண்டனுக்கு வந்து 48 ஆட்டத்தில் 17 கோல், 31 புள்ளி. புதுமுகங்களில் அந்த வருடம் அதைவிடக் கோல் அடித்தவர் இல்லை. ஆனால் அந்த 17 கோலும் வந்தது 81 ஷாட்டில். நூறுக்கு 21. என்.எச்.எல்.லில் ஃபார்வர்ட் ஒருவரின் ஷாட்டில் நூற்றுக்குப் பத்து, பதினொன்று உள்ளே போவது வழக்கம். வழக்கமான விகிதம் இருந்திருந்தால் அவர் கணக்கில் எட்டோ ஒன்பதோ கோல்தான் இருந்திருக்கும், யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். ஒரு ஆட்டத்துக்கு இரண்டு ஷாட்கூட எடுக்காத ஒரு ஷூட்டர் என்ற உண்மையான எச்சரிக்கையை அந்த 17 மூடி மறைத்துவிட்டது. அடுத்த சீசனில் 63 ஆட்டத்தில் 11 கோல். அவர் பனியில் இருக்கும்போது அணி வாங்கியதையும் அடித்ததையும் கழித்தால் மைனஸ் 33.

தவறு முழுதும் அவருடையதும் இல்லை. கனடா ஜூனியர் லீகுகளிலிருந்து எடுக்கப்படும் 18, 19 வயதுப் பையன்களை அந்நாளைய ஒப்பந்தப்படி ஏ.எச்.எல்.லுக்கு, அதாவது ஒரு படி கீழே இருக்கும் தொழில்முறை லீகுக்கு அனுப்ப முடியாது. ஒன்று என்.எச்.எல்., இல்லையென்றால் மறுபடி ஜூனியர். நடுப்படி இல்லாத மாடி அது. யாகுபோவுக்கு 2013-இல் 20 வயது ஆகிவிட்டதால் இரண்டாம் சீசனிலிருந்து அந்த நடுப்படி திறந்திருந்தது. ஆனால் முதல் தேர்வு ஆளை எட்மண்டன் கீழே அனுப்பவில்லை. நான்கு சீசனுக்குள் ரால்ஃப் க்ரூகர், டல்லஸ் ஈக்கின்ஸ், டாட் நெல்சன், டாட் மெக்லெலன் என்று பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். பக் (பந்துக்குப் பதிலாக ஆடும் ரப்பர் வட்டு) இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்பதைத்தான் அவர் கற்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லிக்கொடுப்பவரே வருடா வருடம் மாறினார். 2016 அக்டோபரில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பப்பட்டபோது எட்மண்டனுக்குத் திரும்பக் கிடைத்தது ஒரு கீழ்மட்ட ஆட்டக்காரரும் நிபந்தனையோடு ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வும். கொலராடோவில் ஒரு சீசனுக்குப் பிறகு ரஷ்யா திரும்பினார்.

முதல் பத்தில் எட்டு டிஃபென்ஸ் ஆட்டக்காரர்கள்

முதல் பத்துத் தேர்வில் எட்டுப் பேர் டிஃபென்ஸ். நான்கிலிருந்து பத்துவரை இடைவெளியே இல்லாமல் ஏழு பேர்: ரைன்ஹார்ட், மோர்கன் ரைலி, ஹம்பஸ் லிண்ட்ஹோல்ம், மேட் டம்பா, டெரிக் பூலியோ, ஜேக்கப் ட்ரூபா, ஸ்லேட்டர் கூக்கூ. இதற்கு ஒரு காரணம் அந்த வருடத்துக் காயங்கள். யாகுபோவின் சார்னியா கூட்டாளி அலெக்ஸ் கல்சென்யுக் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்து கிட்டத்தட்ட முழு வருடமும் உட்கார்ந்திருந்தார். கியூபெக்கின் மிகைல் கிரிகோரென்கோ நோய்க் களைப்போடு ஆடி பின்தங்கினார். நம்பிக்கையோடு கைவைக்கும் ஃபார்வர்ட்கள் குறைந்தபோது, உயரமும் தோளும் உள்ள டிஃபென்ஸ் பையன்கள் பாதுகாப்பான தேர்வாகத் தெரிந்தார்கள்.

இதில் ரைலியும் முழங்கால் கிழிந்து அந்த சீசனில் பெரும்பகுதி ஆடாதவர். அவரையே தங்கள் பட்டியலின் முதல் பெயராக வைத்திருந்ததாக டொரொன்டோவின் அன்றைய ஜெனரல் மேனேஜர் பிரையன் பர்க் சொன்னார். கையில் இருப்பவரை எல்லா மேனேஜரும் இப்படித்தான் புகழ்வார்கள். ஆனால் இங்கே அது சரியாகப் போயிற்று. 2018-19-இல் டிஃபென்ஸிலிருந்து 20 கோல், 72 புள்ளி எடுத்தவர் அவர். டொரொன்டோ தமிழர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லிண்ட்ஹோல்மும் ட்ரூபாவும் நீண்டகால முதல்நிலை ஆட்டக்காரர்கள் ஆனார்கள், டம்பா சில வருடம் மிக நன்றாக இருந்தார். பூலியோவும் கூக்கூவும் ஓரத்திலேயே நின்றார்கள். ஏழில் நான்கு தேறியது என்றால் மோசமில்லை. இரண்டாவதாகப் போன ரயன் மரே தோள், முழங்கால், கணுக்கால், முதுகு என்று ஒவ்வொன்றாக இழந்தார். டிராஃப்ட் நாளில் நியூயார்க் ஐலாண்டர்ஸ் தங்களுடைய எல்லாத் தேர்வுகளையும் கொடுத்து அந்த இரண்டாம் இடத்தைக் கேட்டதாகவும் கொலம்பஸ் மறுத்ததாகவும் அப்போதே செய்தி வந்தது.

அந்த ஐலாண்டர்ஸ்தான் நான்காவதாக ரைன்ஹார்ட்டை எடுத்தது. 193 சென்டிமீட்டர், அமைதியான ஆட்டம், ஜூனியரில் கேப்டன் பொறுப்பு. ஜூனியரில் அவருடைய கால் வேகம் ஒரு குறையாகவே தெரியவில்லை. எதிராளி நெருங்குவதற்குள் பக்கை அனுப்பிவிட அங்கே நேரம் இருந்தது. தொழில்முறை ஆட்டத்தில் அந்த நேரம் சுருங்குகிறது. பக்கை எடுக்கத் திரும்பும்போதே முதுகில் ஆள் வந்துவிடுவார். பெரிய உடம்போடு ஜூனியரில் எளிதாக ஆடிய டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களில் பலர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். அவர்களை எடைபோட நல்ல வழி, திரும்பிப் போய் பக் எடுக்கும் அந்த மூன்று நொடியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது.

ஐலாண்டர்ஸ் அதைத் தங்கள் பையனிடம் சீக்கிரமே பார்த்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. 2015 ஜூனில் அவரை எட்மண்டனுக்குக் கொடுத்து 16-ஆவது, 33-ஆவது தேர்வுகளை வாங்கியது. அந்த 16-இல் எடுத்தது மேத்யூ பார்சல். 2018-இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பை அவருக்குத்தான். டிராஃப்ட்டில் ஒரு தவறு நடந்தால் அதை எவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொள்வது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இந்த வகுப்பில் இல்லை. மூன்று வருடத்தில் அந்தப் பையனின் பெயருக்கு இன்னும் நான்காவது தேர்வின் மினுக்கு ஒட்டியிருந்தது. ஆறாவது வருடம் அது இருந்திருக்காது.

இதன் மறுபக்கம் வாஷிங்டன். ஐரோப்பிய ஆட்டக்காரர் பட்டியலின் முதல் பெயரான ஃபிலிப் ஃபோர்ஸ்பெர்க், ஏழு டிஃபென்ஸ் பையன்களுக்குப் பின்னால் நழுவி 11-ஆவது இடம்வரை வந்தார். அவர் லெக்சாண்ட் அணிக்காக ஸ்வீடனின் இரண்டாம் நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு எதிராக ஆடும் 17 வயதுப் பையனின் புள்ளிகள், ஜூனியர் பையனின் புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்தால் சின்னதாகத்தான் தெரியும். வாஷிங்டன் அவரை எடுத்தது. 16-இல் டாம் வில்சன். 77-இல் சாண்ட்லர் ஸ்டீஃபன்சன். 195-இல் கிறிஸ்டியன் ஜூஸ். ஒரே டிராஃப்ட்டில் இத்தனை என்.எச்.எல். ஆட்டக்காரர்களை எடுப்பது அபூர்வமான வேலை. ஆனால் ஃபோர்ஸ்பெர்க் வாஷிங்டனுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2013 ஏப்ரல் 3-இல், பிளேஆஃப் நெருக்கத்தில், மார்ட்டின் இராட் என்ற 31 வயது விங்கருக்கும் மைக்கேல் லாட்டாவுக்கும் மாற்றாக அவரை நாஷ்வில்லுக்குக் கொடுத்துவிட்டார்கள். வாஷிங்டனின் வழக்கமான சீசன் ஆட்டங்களில் இராட் அடித்தது இரண்டு கோல். ஃபோர்ஸ்பெர்க் நாஷ்வில் வரலாற்றிலேயே அதிகக் கோல் அடித்தவர் ஆனார்; 2023-24-இல் மட்டும் 48. ஸ்கவுட்டுகள் சரியாகச் செய்த வேலையை ஒரு பிற்பகல் தொலைபேசிப் பேச்சு கழித்துவிட்டது. எடுத்து பத்து மாதம்கூட ஆகாத 18 வயதுப் பையனை விற்கும் அணி, தன் ஸ்கவுட்டுகள் என்ன கண்டார்கள் என்பதைத் தானே பார்க்காமல் விற்கிறது.

வலைக்கு முன்னால்

இனி கோல்கீப்பர்கள். 19-இல் வாசிலெவ்ஸ்கி, 24-இல் மால்கம் சப்பன், 31-இல் ஆஸ்கர் டான்ஸ்க், 45-இல் ஆந்தனி ஸ்டோலார்ஸ், 62-இல் யோனாஸ் கோர்பிசாலோ, 75-இல் ஜான் கில்லிஸ், 76-இல் கிறிஸ் டிரீட்ஜர், 83-இல் மேட் மரே, 87-இல் ஃபிரெடெரிக் ஆண்டர்சன், 130-இல் ஹெலபக், 163-இல் உல்மார்க். இந்தப் பட்டியலின் வரிசையையும் பின்னால் நடந்ததையும் பக்கத்தில் வைத்தால் முதல் பெயரைத் தவிர வேறெங்கும் பொருத்தம் இல்லை.

ஏன் 18 வயது கோல்கீப்பரை எடைபோடுவது இவ்வளவு கடினம்? ஒரு சிறு கணக்கு போடலாம். ஜூனியரில் ஒரு கோல்கீப்பர் ஒரு சீசனில் 50 ஆட்டம், ஆட்டத்துக்கு 30 ஷாட் என்று 1500 ஷாட்டைச் சந்திக்கிறார். நூற்றுக்கு 91 தடுப்பவர் சாதாரணம், 92 தடுப்பவர் நல்லவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு சதவீதம் சீசன் முழுதுக்கும் 15 கோல். இப்போது திறமை மாறவே மாறாமல், தற்செயல் ஒன்றினாலேயே அந்த எண் எவ்வளவு விலகும் என்று பகடைக் கணக்குப் போட்டால், ஏறக்குறைய 11 கோல் இப்படியோ அப்படியோ போகும். மூன்று சீசனுக்கு ஒரு சீசன் அதையும் தாண்டிப் போகும். அளக்க நினைக்கும் வித்தியாசமும் அளவுகோலின் நடுக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. முன்னால் நிற்கும் டிஃபென்ஸ் எப்படி, எதிரணி எந்த இடத்திலிருந்து அடிக்கிறது என்பதெல்லாம் இதில் இன்னும் சேரவே இல்லை. ஒரு சீசனின் தடுப்பு விகிதத்தை வைத்து முதல் சுற்றில் கோல்கீப்பர் எடுப்பது, யாகுபோவின் 81 ஷாட்டை வைத்து அவரைக் கணித்தது போன்றதே.

எண்ணை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கும்போதும் சிக்கல் உண்டு. கோல்கீப்பரின் வேலையில் பாதி பக் வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பாஸ் கிளம்பும் நொடியில் கால் நகர்ந்து, பக் வந்து சேரும்போது அசையாமல் நின்றிருக்க வேண்டும். இதில் தேறியவர் சாகசமாகப் பாய்வது குறைவு. பக் நெஞ்சில் வந்து ஒட்டிக்கொள்ளும். பார்க்கும் கண்ணுக்கு அது அதிர்ஷ்டமாகவோ சாதாரணமாகவோ தெரியும். ஹெலபக்கின் ஆட்டம் முழுக்க இப்படிப்பட்டது. அடுக்கடுக்காகப் பாய்ந்து காப்பாற்றும் பையன் அரங்கத்தைக் கவர்வான், ஆனால் அவன் பாய்வதற்குக் காரணம் ஒரு நொடி முந்தி தாமதமாக நகர்ந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்தது இட நெருக்கடி. ஒரு அணி ஆட்டத்துக்கு 12 ஃபார்வர்ட், 6 டிஃபென்ஸ் ஆட்டக்காரர்களை இறக்குகிறது. கோல்கீப்பர் இரண்டு பேர், அதில் ஆடுவது ஒருவர். அப்போதைய 30 அணிக்கும் சேர்த்து முதல்நிலை இடம் 30. நான்காம் வரிசையில் ஆறு நிமிடம் ஆடவைத்துப் பழக்குவது போல ஒரு கோல்கீப்பரைப் பழக்க முடியாது. அவருக்கு ஆட்டம் வேண்டும், ஆட்டம் கிடைப்பது கீழ் லீகில்தான். வாசிலெவ்ஸ்கியின் முதல் என்.எச்.எல். ஆட்டம் 2014 டிசம்பரில், ஹெலபக்கும் உல்மார்க்கும் 2015-இல். உல்மார்க் வெசினா வாங்கும்போது வயது 29, டிராஃப்ட் முடிந்து 11 வருடம்.

இங்கேதான் அந்தக் காலக்கெடு வேலை செய்கிறது. அப்போதைய விதிப்படி, கனடா ஜூனியர் லீகிலிருந்து எடுத்த பையனோடு இரண்டே வருடத்தில், ஜூன் 1-க்குள் ஒப்பந்தம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் உரிமை போய்விடும். ஒரு அணி மொத்தம் 50 ஒப்பந்தங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் 20 வயதில் இன்னும் முடிவு தெரியாத கோல்கீப்பர் மேல் முடிவெடுத்தே தீர வேண்டிய கட்டாயம் வருகிறது. அமெரிக்கக் கல்லூரிக்குப் போகும் பையனுக்கோ நான்கு வருடம்வரை பொறுக்கலாம், ஒப்பந்த எண்ணிக்கையிலும் அவர் வர மாட்டார், சம்பளமும் கிடையாது. பின் சுற்றுகளில் கோல்கீப்பர் எடுக்கும் அணிக்கு இதைவிட மலிவான காத்திருப்பு வேறு இல்லை.

ஹெலபக்கின் பாதை அச்சாக இதுதான். மிச்சிகனில் பள்ளி அணி, பிறகு மேற்கு டெக்சாஸின் எண்ணெய் ஊரான ஒடெசாவில் இரண்டாம் தட்டு ஜூனியர் லீக். ஸ்கவுட்டுகள் வழக்கமாகப் போகும் தடத்தில் ஒடெசா இல்லை. 2011-இலேயே அவர் டிராஃப்ட்டுக்குத் தகுதி பெற்றிருந்தார். ஏழு சுற்றிலும் யாரும் பெயர் சொல்லவில்லை. 2012-இல் வின்னிபெக் ஐந்தாம் சுற்றில் எடுத்து, மாசசூசெட்ஸ் லோவெல் பல்கலைக்கழகத்துக்குப் போக விட்டது. அங்கே இரண்டு சீசன், தடுப்பு விகிதம் நூற்றுக்கு 95.2, 94.1. கல்லூரிக் கோல்கீப்பருக்கான மைக் ரிக்டர் விருது 2014-இல் தொடங்கியபோது முதலில் வாங்கியவர் அவர். பிறகு ஏ.எச்.எல்.லில் ஒரு முழு சீசன். ஒரு படியும் தாண்டாமல் ஏறியவர். 2017-18-இல் 44 வெற்றி. 2024-25-இல் 47 வெற்றியோடு வெசினாவும், முழு லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையும். கோல்கீப்பர் ஒருவர் ஹார்ட் வாங்கியது 2015-இல் கேரி பிரைஸுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

வாசிலெவ்ஸ்கி வேறு ரகம். அவரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ரஷ்யர்கள் ஒப்பந்தம் போட்டு வருவார்களா என்ற தயக்கம் அப்போது அணிகளிடம் இருந்தது. கோல்கீப்பர் என்ற தயக்கம் அதற்கு மேல். டாம்பா பேவுக்கு அந்த 19-ஆவது தேர்வு வந்ததே கைல் குவின்சி என்ற டிஃபென்ஸ் ஆட்டக்காரரை டெட்ராய்ட்டுக்கு அனுப்பிய பரிமாற்றத்தில். பென் பிஷப்புக்குப் பின்னால் வைத்துப் பழக்கினார்கள், 2017-இல் பிஷப்பை விற்ற பிறகே இடம் முழுதாக அவருடையது. 2020, 2021 இரண்டு ஸ்டான்லி கோப்பை, அதாவது என்.எச்.எல். சாம்பியன் பட்டம். 2020 இறுதிப் போட்டியின் கடைசி ஆட்டமும் 2021-இன் நான்கு சுற்றுகளையும் முடித்துவைத்த நான்கு ஆட்டங்களுமாக, தொடர்ந்து ஐந்து முடிவு ஆட்டங்களில் அவர் ஒரு கோலும் விடவில்லை. அதில் இரண்டு 1-0. எதிரணி உயிரைக் கொடுத்து ஆடும் நாளில் ஐந்து முறை தொடர்ந்து அப்படி நின்றது இந்த விளையாட்டில் பார்க்கக் கிடைத்த பெரிய காரியங்களில் ஒன்று.

மேட் மரேயின் வளைவு தலைகீழ். பிட்ஸ்பர்க் 83-இல் எடுத்த அவர் 2016, 2017 என்று இரண்டு கோப்பையையும் புதுமுகக் கணக்கிலேயே வென்றார். 2017 இறுதியில் நாஷ்வில்லுக்கு எதிராகக் கடைசி இரண்டு ஆட்டமும் கோலே விடாமல். அவருக்காக மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரியைப் பிட்ஸ்பர்க் வேகாஸுக்கு விட்டுக்கொடுத்தது. அதன் பிறகு காயங்கள் அவரை மேலே வர விடவில்லை. ஃப்ளூரி 2021-இல் வெசினா வாங்கினார். அதே பிட்ஸ்பர்க் எட்டாவதாக எடுத்தது பூலியோவை. அந்த எட்டாவது தேர்வு ஜோர்டன் ஸ்டாலை கரோலினாவுக்குக் கொடுத்து வாங்கியது.

பாஸ்டன் முதல் சுற்றில் எடுத்த சப்பன், தன் முதல் ஆட்டத்தில் ஆறு ஷாட்டில் மூன்று கோல் விட்டு வெளியே இழுக்கப்பட்டார், அந்த அணியில் வேரூன்றவே இல்லை. பாஸ்டனுக்கு வெசினா வென்று கொடுத்தது, பஃபலோ 163-இல் எடுத்து ஒன்பது வருடம் வளர்த்து, 2021-இல் ஈடாக எதுவும் வாங்காமல் இழந்த உல்மார்க். கோல்கீப்பர் விஷயத்தில் எடுப்பவர் ஒருவர், அறுவடை செய்பவர் வேறொருவர் என்பது சகஜம். டிராஃப்ட் நாளன்றே கொலம்பஸ் ஃபிலடெல்ஃபியாவிடமிருந்து செர்கேய் பாப்ரோவ்ஸ்கியை வாங்கியது. அடுத்த வருடமே அவர் வெசினா வென்றார். அவரை எந்த டிராஃப்ட்டிலும் யாரும் எடுத்ததில்லை.

இரண்டாம் முறை வந்தவர்கள்

ஹெலபக்கை 2011-இல் யாரும் எடுக்கவில்லை என்று பார்த்தோம். 1993 ஜூலையில் பிறந்த உல்மார்க்கையும் எடுக்கவில்லை. 78-இல் போன ஷேன் கோஸ்டிஸ்பேர், 86-இல் போன கோல்டன் பராய்கோ இருவருக்கும் இதே கதைதான். பராய்கோ ஆல்பர்ட்டாவின் ஃபோர்ட் மெக்மரியில் இரண்டாம் தட்டு ஜூனியர் ஆடியவர். அலாஸ்கா பல்கலைக்கழகம் வழியாக வந்து 2019-இல் செயின்ட் லூயிஸின் முதல் ஸ்டான்லி கோப்பையில் முக்கிய டிஃபென்ஸ் ஆள் ஆனார். டேனிஷ்காரரான ஆண்டர்சனை 2010-இல் கரோலினா ஏழாம் சுற்றில் எடுத்து ஒப்பந்தம் போடாமல் விட்டது. 22 வயதில் அவர் மறுபடி பட்டியலுக்கு வந்தபோது அனஹைம் 87-இல் எடுத்தது. 30-ஆவது டேனர் பியர்சனும் முந்தைய வருடங்களில் எடுக்கப்படாதவரே.

ஒரு டிராஃப்ட்டில் இத்தனை இரண்டாம் முறைக்காரர்கள் தேறியதற்குக் காரணம் எளிமையானது. இவர்களைப் பற்றி அணிகளிடம் ஒரு வருடக் கூடுதல் தகவல் இருந்தது. 19 வயதில் அந்தப் பையன் எந்தத் திசையில் போகிறான் என்பது 17-இல் தெரிந்ததைவிடத் தெளிவு. ஆனாலும் முதல் வருடம் எடுக்கப்படாதவன் என்ற முத்திரை அவன் விலையைக் குறைத்து வைத்திருந்தது. கூடுதல் தகவலும் குறைந்த விலையும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. ஜாக்கப் ஸ்லாவின் இந்தக் கூட்டத்தில் சேராதவர்; முதல் முறையே, 120-இல், கரோலினா எடுத்தது. கல்லூரி வழியாக வந்து லீகின் மிகச் சிறந்த தடுப்பு ஆட்டக்காரர்களில் ஒருவரானார். அவரும் காத்திருப்பின் விளைச்சல்தான்.

இன்றைக்கு அதே 2012 டிராஃப்ட்டை மறுபடி நடத்தினால் முதல் இரண்டு பெயரும் ஹெலபக், வாசிலெவ்ஸ்கி. இருவரில் யார் முதல் என்றால், பிளேஆஃபில் காட்டியதை வைத்து நான் வாசிலெவ்ஸ்கியைச் சொல்வேன். மூன்றாவது ஃபோர்ஸ்பெர்க், நான்காவது ஸ்லாவின். ஆனால் இந்த மறுவரிசை விளையாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. 2012-இன் எட்மண்டன் ஹெலபக்கை முதலில் எடுத்திருந்தால் அவரை மூன்று வருடம் லோவெலிலும் ஏ.எச்.எல்.லிலும் விட்டு வைத்திருக்குமா? முதல் தேர்வு ஆளை அடுத்த அக்டோபரிலேயே பனியில் பார்க்க ஊர் காத்திருக்கும். வின்னிபெக் கொடுத்த அவகாசம் 130 என்ற எண்ணோடு ஒட்டியே வந்தது.

இதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்கக்கூடியதா என்றால், ஒரு பகுதி தெரிந்திருக்கலாம். பிட்ஸ்பர்க் டிராஃப்ட்டுக்கு 11 நாள் முன்பு ஸ்டான்லி கோப்பை வென்ற லாஸ் ஏஞ்சலிஸின் கோல்கீப்பர் ஜொனாதன் குவிக், 2005-இன் 72-ஆவது தேர்வு. பிளேஆஃபின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அந்த வருட வெசினா வாங்கிய ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000-இன் 205-ஆவது. அதற்கு முந்தைய வருடம் வாங்கிய டிம் தாமஸ் 217-ஆவது.

லீக் கற்றுக்கொண்டதா என்பதற்கு அடுத்த வருடங்களைப் பார்க்கலாம். 2013-இலும் 2014-இலும் முதல் சுற்றில் ஒரு கோல்கீப்பர்கூட எடுக்கப்படவில்லை. 2013-இன் 99-ஆவது தேர்வாக நாஷ்வில் எடுத்தது யூசே சாரோஸ். 2014-இன் 78-ஆவது, ஐலாண்டர்ஸின் இல்யா சொரோகின். 118-ஆவது, நியூயார்க் ரேஞ்சர்ஸின் இகோர் ஷெஸ்டெர்கின், 2022-இன் வெசினா. பிறகு பழக்கம் திரும்பியது: 2019-இல் ஃப்ளோரிடா ஸ்பென்சர் நைட்டை 13-இல் எடுத்தது, 2020-இல் நாஷ்வில் யாரோஸ்லாவ் அஸ்கரோவை 11-இல்.